யார் பெயரில் இருக்கிறது நம் இணையத்தளம்?



பள்ளிக்கோ முன்னாள் மாணவர் சங்கத்திற்கோ ஓர் இணையத்தளம் அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்தவுடன், நம் கூட்டங்களில் கேட்கப்படும் முதல் கேள்வி, "எவ்வளவு மலிவாகக் கிடைக்கும்?" என்பது. இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. "நமக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார் ஐயா, அவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்" என்று எவரேனும் சொல்லுவார். அவ்வளவுதான். கூட்டம் மனநிறைவோடு அடுத்த பொருளுக்குப் போய்விடும். அடுத்த பொருள், விளையாட்டுப் போட்டி நாளன்று வழங்க வேண்டிய சிற்றுண்டி. அதற்கு முக்கால் மணி நேரம் விவாதம் நடக்கும்!

இந்தப் போக்கைக் கண்டித்தே இதனை எழுதுகிறேன். தளத்திற்கு வழங்கி இடம் வாடகைக்கு எடுப்பதை, அதாவது பேச்சு வழக்கில் வெப் ஹோஸ்டிங் என்று நாம் சொல்வதை, சந்தையில் பேரம் பேசும் வேலையாகவே நடத்தி வருகிறோம். உண்மையில், ஒரு சமுதாயத்தின் உடைமையை எவர் பெயரில் எழுதி வைப்பது என்று முடிவு செய்யும் வேலை அது. சங்கக் கட்டடத்தின் நிலப்பட்டாவை இப்படி ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நாம் சிற்றுண்டி பற்றிப் பேசுவோமா?

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டா. 2006ஆம் ஆண்டில் அப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் ஒரு தளம் தொடங்கினார்கள். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. லயத்து வீடுகள், கோயில் திருவிழா, பலகைச் சுவர்களோடு நின்ற பழைய பள்ளிக் கட்டடம், 1950களிலிருந்து அங்குப் பணியாற்றிய தலைமையாசிரியர்கள் ஆகிய படங்களை எல்லாம் வீடு வீடாகத் தேடித் திரட்டி ஏற்றினார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதி வந்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில் இருந்தன. பள்ளி இதழின் பின்னட்டையிலும் நன்கொடைப் பற்றுச்சீட்டிலும் தளத்தின் முகவரி அச்சாகியது.

தளத்தை அமைத்த இளைஞர் நல்லவர்; திறமையானவர். தம் சொந்தக் கடன்பற்று அட்டையில் பணம் கட்டினார். தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்தார். ஏழு ஆண்டுகள் அப்படியே ஓடின. பின்னர் அவர் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றார். அட்டை காலாவதியானது. பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதில்லை. நினைவூட்டல் மடல்கள் அனைத்தும் ஆளில்லாத பெட்டியில் போய் விழுந்தன. ஒருநாள் தளம் மறைந்தது. சில மாதங்கள் கழித்து அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் முளைத்தது. பழைய பள்ளி இதழைப் புரட்டி, பின்னட்டையில் உள்ள முகவரியை ஆசையோடு தட்டச்சு செய்த பிள்ளைகள் அங்கேதான் போய் நின்றார்கள்.

தோட்டம் இன்று இல்லை. லயம் இல்லை. படங்களைத் தந்த முதியோருள் பலர் இல்லை. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏழு ஆண்டுகளில் ஒருமுறையேனும் 'இது யார் பெயரில் இருக்கிறது?' என்று கேளாத செயற்குழுவைத்தான் குறை சொல்கிறேன்.

பெற்றோர்கள் முதலில் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இணையத்தளம் என்பது இரண்டு வாடகைகள் சேர்ந்தது. ஒன்று, தளப்பெயர், டொமைன் என்பார்கள். மற்றொன்று, கோப்புகள் குடியிருக்கும் வழங்கி இடம். முன்னது கதவு எண். பின்னது வீடு. வீடு பிடிக்கவில்லையென்றால் வேறு வீட்டிற்குக் கதவு எண்ணையும் கையோடு எடுத்துச் செல்லலாம். இந்த வசதி இணையத்தில் மட்டுமே உண்டு. ஆனால், கதவு எண் நம் பெயரில் இருந்தால்தான் எடுத்துச் செல்ல முடியும். "தளப்பெயர் இலவசம்" என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித் தரும் திட்டங்களில் நம்மவர்கள் மயங்குவது இங்கேதான். அந்த இலவசம் பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமே. சில இடைத்தரகர்கள் பெயரைத் தங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே பதிந்துகொண்டு, நாம் விலக எண்ணும் நாளில் "அது எங்களுடையது" என்பார்கள். எழுத்தில் இல்லாதபோது நாம் என்ன வாதாட முடியும்?

பெயரைத் தவறவிட்டால் என்னவாகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. டாட் காம், டாட் ஓ.ஆர்.ஜி. போன்ற பெயர்களுக்குக் காலாவதிக்குப் பின் சலுகைக் காலம் அதிகம் போனால் 45 நாள். அதுவும் பதிவு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அக்காலத்தில் மீட்க வேண்டுமானால் வழக்கமான கட்டணத்தைவிடப் பன்மடங்கு தண்டம் கட்ட வேண்டியிருக்கும். அதற்கும் பின் 5 நாளில் பெயர் விடுவிக்கப்படும். எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பார்வையாளர் வந்துபோகும் பழைய முகவரிகளைக் கவ்விக்கொள்வதற்கென்றே தானியங்கி நிரல்களோடு காத்திருப்போர் இருக்கிறார்கள். ஆக மொத்தம் மூன்று மாதம்கூட இல்லை. அந்த இடைவெளியில் நம் செயற்குழு ஒருமுறை கூடினாலே பெரிது.

மலேசியாவில் டாட் எம்.ஒய். பெயர்களை மேலாள்வது மைனிக் நிறுவனம். பதிவு பெற்ற சங்கங்களுக்கு டாட் ஓ.ஆர்.ஜி. டாட் எம்.ஒய். என்னும் பிரிவு இருக்கிறது. அதற்குச் சங்கப் பதிவுச் சான்றைக் காட்ட வேண்டும். "அந்தத் தொல்லை எதற்கு? டாட் காம் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்" என்பார்கள். அந்தத் தொல்லைதான் அதன் சிறப்பு என்பேன் நான். சான்றைக் காட்டி வாங்கிய பெயர் சங்கத்தின் பெயரில் நிற்கும். தம்பியின் பெயரில் நிற்காது. இடையில் ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குத் தமிழ் எழுத்திலேயே '.சிங்கப்பூர்' என்று முகவரி முடிவு உண்டு. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் உண்டு. நமக்கு வாய்க்கவில்லை. அதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். மலிவு மலிவு என்று துடிப்பவர்களே மலிவைச் சரியாகக் கணக்கிடுவதில்லை என்பதுதான் என் அடுத்த குற்றச்சாட்டு.

'மாதம் 8 ரிங்கிட் மட்டுமே' என்று பெரிய எழுத்தில் ஒரு திட்டம் விளம்பரமாகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே சிறிய எழுத்தில், 36 மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் அந்த விலை என்றிருக்கும். ஆக, 288 ரிங்கிட். அதற்கும் கீழே, இன்னும் சிறிய எழுத்தில், புதுப்பிக்கும்போது மாதம் 28 ரிங்கிட் என்றிருக்கும். அடுத்த 36 மாதத்திற்கு 1,008 ரிங்கிட். ஆறு ஆண்டுக்கு மொத்தம் 1,296 ரிங்கிட். மாதம் 18 ரிங்கிட் ஆகிறது. பக்கத்துக் கடையில் எந்தத் தள்ளுபடியும் இல்லாமல், புதுப்பித்தாலும் அதே விலை என்று மாதம் 15 ரிங்கிட்டுக்கு விற்றவரை "விலை அதிகம்" என்று ஒதுக்கியிருப்போம். அவரிடம் ஆறு ஆண்டுக்கு 1,080 ரிங்கிட்தான். இது நான்காம் ஆண்டுக் கணிதம். நம் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள், செயற்குழுதான் போடுவதில்லை. போதாக்குறைக்குச் சேவை வரி வேறு. 2024 மார்ச்சில் அது 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னியல் சேவைகளும் 2020 முதல் அந்த வரிக்கு உட்பட்டவையே. விளம்பர விலையில் வரி சேர்ந்திருக்காது.

ஆகவே, திட்டத்தை ஒப்பிடும் பொழுது முதல் விலையை மூடிவைத்துவிட்டுப் புதுப்பிப்பு விலையை மட்டும் பாருங்கள். மூன்றாண்டுப் பணத்தைச் சங்கம் முன்கூட்டியே கட்டுவதையும் நான் விரும்புவதில்லை. மூன்றாண்டில் செயற்குழு மாறிவிடும். புதுப்பிப்பு நாள் எவர் நினைவிலும் இராது. ஆண்டுதோறும் கட்டுவது சற்றுக் கூடுதல் செலவுதான். ஆனால் ஆண்டறிக்கையில் அந்த வரி ஒவ்வோர் ஆண்டும் தலைகாட்டும், எவரேனும் ஒருவர் "இது என்ன செலவு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கூடுதல் பணம் தகும்.

அடுத்து, 'வரம்பற்ற இடம்' என்னும் சொல்விளையாட்டு. எந்தத் தட்டும் வரம்பற்றதன்று. இட அளவில் வரம்பில்லை என்பவர்கள் கோப்புகளின் எண்ணிக்கையில் வரம்பு வைத்திருப்பார்கள். கணினியின் ஆற்றலையும் நினைவகத்தையும் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதில் வரம்பு வைத்திருப்பார்கள். பகிர்வு வழங்கி என்பது ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கும் முறை. அதில் எவருக்கும் வரம்பில்லாமல் கொடுக்க எப்படி இயலும்?

அதைவிட முக்கியம், நமக்கு அது தேவையே இல்லை என்பது. யூனிகோடு முறையில் இணையத்தில் பரவலாக வழங்கும் யு.டி.எஃப். 8 குறியேற்றத்தில், தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் கொள்ளும். 'கொ' என்றால் மெய்யடிக்கும் உயிர்க்குறிக்குமாக 6 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்தான். அதனால் 'தமிழ்த் தளம் என்றால் பெரிய இடம் வேண்டும்' என்று ஒரு விற்பனையாளர் நம்மிடமே வந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். கணக்குப் போடுவோம். 1,000 சொற்கள் கொண்ட கட்டுரைக்கு ஏறத்தாழ 10,000 குறிகள், 30 கிலோபைட். அப்படி ஆயிரம் கட்டுரைகள் சேர்ந்தால் 30 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் வரை வரும். அதாவது, நம் மாணவர்களின் ஆயிரம் கட்டுரைகளும் பரிசளிப்பு விழாவில் எடுத்த ஏழெட்டுப் படங்களும் ஒரே எடை! தமிழ் கனக்கவில்லை, ஐயா. சுருக்காமல் ஏற்றப்படும் படங்கள்தாம் கனக்கின்றன. படத்தை 200 கிலோபைட்டுக்குச் சுருக்கி ஏற்றினால் 500 படங்களும் 100 மெகாபைட்டில் அடங்கும். முந்நூறு குடும்பங்கள் மாதம் பத்து முறை வந்து பார்த்து, ஒவ்வொரு முறையும் 2 மெகாபைட் இறக்கினாலும் மாதத்திற்கு 6 கிகாபைட் போக்குவரத்துதான். எந்த நிறுவனத்தின் மிகச் சிறிய திட்டமும் இதைத் தாங்கும். பழைய பள்ளி இதழ்களை எல்லாம் வருடி ஏற்றினாலும்கூட 5 கிகாபைட் இடம் போதும் என்பது என் மதிப்பீடு.

ஆனால் நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் சிலவற்றுக்கு விற்கப்படுவது என்ன தெரியுமா? ஆண்டுக்கு 2,400 ரிங்கிட் 'நிறுவனத் தொகுப்பு'. அப்படி ஒரு விலைப்புள்ளியை நான் கண்ணாரக் கண்டேன். அதில் எஸ்.எஸ்.எல். பாதுகாப்புச் சான்றிதழுக்கென்று தனியாக 200 ரிங்கிட். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி பூட்டு இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று காட்டத் தொடங்கியது. அந்த அச்சத்தைத்தான் விற்கிறார்கள். ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2015ஆம் ஆண்டின் இறுதி முதலே அச்சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. நல்ல நிறுவனங்கள் அதைத் தாமாகவே பொருத்தித் தாமாகவே புதுப்பித்தும் விடுகின்றன. சிறிய சமுதாயத் தளத்திற்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. நாசி லெமாக் விற்றும் நன்கொடை அட்டை எடுத்தும் தாய்மார்கள் சேர்த்த பணம் இது! 200 ரிங்கிட்டில் ஒரு வகுப்பின் வாசிப்பு மூலைக்கு நூல்கள் வாங்கலாம்.

வழங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பற்றிச் சிலர் பெரிதாகப் பேசுவார்கள். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் பக்கம் சற்று விரைவாகத் திறக்கும். அமெரிக்காவில் இருந்தாலும் குடி முழுகிவிடாது.

குடி முழுகும் இடம் வேறு. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. நம் எழுத்து. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தளத்தை மாற்றிய மறுநாள், கட்டுரைகள் அனைத்தும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாக நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். தரவுத்தளம் பழைய இலத்தீன் குறியேற்ற அமைப்பில் இருந்ததே அதற்குக் காரணம். கோணல்மாணலான ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். உள்ளே இருப்பது தமிழ்தான். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து அழிந்துபோயிற்று. காப்புப் படி இல்லையேல் எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. ஆங்கிலத் தளம் நடத்துபவருக்கு இந்தத் துன்பம் தெரியவே தெரியாது. ஆகவே, பணம் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்துத் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுங்கள். காப்புப் படி எடுங்கள். தளத்தை அழித்துவிட்டு அந்தப் படியிலிருந்து மீட்டுப் பாருங்கள். 'ஔவையார்', 'ஸ்ரீ', 'கௌமாரம்' எல்லாம் சிதையாமல் திரும்பி வருகின்றனவா? வந்தால் அந்த நிறுவனத்தோடு வாழலாம். தரவுத்தளக் குறியேற்றம் யு.டி.எஃப். 8 எம்.பி. 4 என்றிருக்கட்டும். வாடிக்கையாளர் சேவையில் இதைக் கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதும் ஒரு நல்ல தேர்வு.

இப்போது, இத்தனைக்கும் எதிராக எழும் பெருங்கேள்வி. "முகநூல் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு இருக்கிறது, எல்லாம் இலவசம்; தளத்திற்குப் பணம் எதற்கு?" படித்தவர்களே இதைக் கேட்கிறார்கள்.

இலவசமாக வந்தவை எப்படிப் போயின என்பதைப் பாருங்கள். எத்தனையோ தனிமனிதர்களின் பக்கங்கள் குடியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. தமிழில் எழுதுவது எப்படி, எந்த எழுத்துரு, எந்தக் குறியேற்றம் என்றெல்லாம் உலகத் தமிழர்கள் விடிய விடிய விவாதித்த மடலாடற் குழுக்கள் பல யாகூ குழுமங்களில் இருந்தன. அச்சேவை 2020 டிசம்பரில் முற்றாக நின்றது. டாட் டி.கே. போன்ற இலவசத் தளப்பெயர்களை வாரி வழங்கிய ஃபிரீனம் 2023இல் புதிய பதிவை நிறுத்தி, 2024இல் அத்தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. 000வெப்ஹோஸ்ட் என்னும் புகழ்பெற்ற இலவச வழங்கியிலிருந்து 2015இல் 1 கோடியே 30 இலட்சம் பயனர்களின் கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமலேயே கசிந்தன. 2024இல் அதுவும் கடையைக் கட்டியது. நம் பள்ளிகளிலேயே பார்த்தோமே! 2012 தொட்டு ஆசிரியர்கள் பாடங்களை ஏற்றிவந்த ஃபுரோக் வி.எல்.இ. தளம், 2019 ஜூன் இறுதியோடு நிறுத்தப்பட்டு, கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. அதில் ஏற்றிய தமிழ்ப் பயிற்சிகளில் எத்தனையைப் படியெடுத்து வைத்திருக்கிறோம்? முகநூலில் ஐந்தாண்டுக்கு முன் இட்ட ஒரு பதிவைத் தேடி எடுத்துப் பாருங்கள்; பிறகு இலவசத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஆனாலும் நடுவுநிலை தவறக் கூடாது. 1999இல் தொடங்கி 2003இல் கூகுளிடம் சென்ற பிளாக்கர் இன்றும் நிற்கிறது. நம் தமிழாசிரியர்கள் பலர் அதில் எழுதிய பக்கங்கள், எழுதியவர் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியும், அப்படியே திறக்கின்றன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காக ஆர்வலர்கள் தொகுத்த கருத்துணர்தல் பயிற்சிகள் இன்றும் அங்கே கிடக்கின்றன. அதே காலத்தில் பணம் கட்டி நடந்த எத்தனையோ சங்கத் தளங்கள் மாண்டுபோயின. ஏன்? புதுப்பிக்கத் தவறினால் சாகும் என்ற நிலை பிளாக்கருக்கு இல்லை. எனவே, ஆண்டுதோறும் 200 ரிங்கிட் கட்டி ஒரு கோப்பில் குறித்து வைக்கும் ஒழுங்கு உங்கள் சங்கத்திற்கு இல்லையென்றால், கட்டணத் திட்டத்தை நாடாதீர்கள். சங்கத்திற்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, பிளாக்கரிலேயே தொடங்கி, முழுப் படியை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுபவரை நான் புகழவில்லை. இலவசத்தை எடுப்பவரை இகழவுமில்லை. எவர் கையில் சாவி, வெளியேறும் வழி எங்கே என்று கேளாதவரோடுதான் என் வழக்கு.

வேர்ட்பிரஸ் வைத்துத் தளம் அமைப்போருக்கும் ஒரு சொல். தெருவில் நிறுத்திவிட்டுப் போகக்கூடிய வண்டி அன்று அது. மாதந்தோறும் நிரலைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். புதுப்பிக்காத தளத்தில் புகுந்து சூதாட்ட இணைப்புகளைச் செருகுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. அண்டை நாடான இந்தோனேசியாவில் அரசுத் தளங்களும் கல்வி நிறுவனத் தளங்களும் அண்மை ஆண்டுகளில் இப்படிச் சீரழிக்கப்பட்டன. ஆண்டுக்கு நான்கு அறிவிப்பும் ஓர் இதழும் ஏற்றும் பள்ளிக்கு, தரவுத்தளமே இல்லாத சாதாரணப் பக்கங்கள் போதும். அவற்றில் புகுந்து கெடுக்க அதிகம் ஒன்றுமில்லை. எந்த நிறுவனத்திற்கும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

"ஆசிரியர்கள் தலையில் இதையும் கட்டுகிறீரே" என்று சக ஆசிரியர்கள் முனகுவது கேட்கிறது. கட்டவில்லை. அப்படிக் கட்டக் கூடாது என்றே சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாசிரியருக்குப் பணியிட மாற்றம் வந்தால் கடவுச்சொல்லும் அவரோடு மாற்றலாகிப் போய்விடுகிறது. கல்வி அமைச்சு தரும் டெலிமா கணக்கு நம் பணிக்கானது. சங்கத்தின் உடைமையை அதில் வைப்பதும் முறையன்று. இது சங்கத்தின் வேலை. குறிப்பாகப் பொருளாளரின் வேலை. வங்கிக் கணக்கிற்கு இருவர் கையொப்பம் கேட்கிறோம் அல்லவா? தளத்திற்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அறிந்த ஒரு சங்க மின்னஞ்சல் வேண்டும். பணம் சங்கக் கணக்கிலிருந்து போக வேண்டும். பற்றுச்சீட்டில் சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு, சங்கப் பதிவுச் சான்றோடு பூட்டி வைக்க வேண்டும். செயற்குழு மாறும் நாளில் வங்கிப் புத்தகத்தோடு அந்த உறையும் கைமாற வேண்டும். அன்றே கடவுச்சொல்லும் மாற வேண்டும். காப்புப் படி வழங்கி நிறுவனத்திடம் மட்டும் இருந்தால் அதைக் காப்பு என்று சொல்லவே கூடாது. பள்ளி அலுவலகத்தில் ஒரு வன்தட்டிலும், செயலாளர் வீட்டில் இன்னொன்றிலும் இருக்க வேண்டும்.

"கணினி வேலை நமக்கு எதற்கு, நாம் மொழியாசிரியர்கள்" என்று ஒதுங்குவோருக்கு ஒன்று. 1995இல் சிங்கப்பூரில் தமிழ் எழுத்துகளை இணையத்தில் ஏற்றிக்காட்டிய நா. கோவிந்தசாமி ஓர் எழுத்தாளர். ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர். முரசு அஞ்சலை உருவாக்கி நம்மைத் தமிழில் தட்டச்சிட வைத்த முத்து நெடுமாறன் நம் மலேசிய மண்ணின் மைந்தர். இணையத் தமிழுக்கு வழிகாட்டிய இரு நாடுகளின் சங்கங்கள், தங்கள் தளம் எவர் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் விழிப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எந்தத் திட்டத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், பொருளாளர் ஒரே ஒரு தாளைக் கொண்டுவரட்டும். தளப்பெயர் எவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்னஞ்சலில், எந்த நாளில் காலாவதியாகிறது, சென்ற ஆண்டு எவர் பணம் கட்டினார், கடைசிக் காப்புப் படி எந்தத் தேதியது என்பன அதில் இருக்க வேண்டும். பதிவாளர் பெயரை இக்காலத்தில் வெளியாருக்குப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். காலாவதி நாளைப் பல பெயர்களுக்கு ஹூயிஸ் தேடலில் எவரும் பார்க்கலாம். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு பெற்றோர் ஒருவரேனும் கூட்டத்திற்கு வாருங்கள். தாள் வரவில்லையென்றால், எழுந்து அந்த நாளைப் படியுங்கள். சிற்றுண்டி சற்றுக் காத்திருக்கட்டும்.